கதீற்றரைக் கழற்றியது பஞ்சியால் அல்ல

வைத்தியசாலையில் ஒரு ஐயாவுக்குச் சலம் வெளியேறப் போட்டிருந்த குழாயை (கதீற்றரை) தாதியர் கழற்றியதைக் குறைகூறும் பதிவொன்று முந்தாநாள் முதல் மட்டக்களப்பு முழுவதும் பகிரப்படுகிறது. அதிலுள்ள "வேலைப் பஞ்சியில் ஐயாவின் சலக்குழாயைக் கழற்றிவிட்டார்கள்" என்ற வரிக்கு விருப்பமிட்டவர்களில் என் உறவினர்களும் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கழற்றிய தாதி நானல்ல. ஆனால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். குழாய் இருந்தால் பையைப் பார்த்து அளவை எழுதினால் போதும். கழற்றினால் போத்தல் பிடிக்க வேண்டும், நனைந்த விரிப்பை நள்ளிரவிலும் மாற்ற வேண்டும். இருந்தும் கழற்றுகிறோம். ஏனெனில், அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. கிருமிகள் குழாயின் சுவரில் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து அவற்றை எளிதில் எட்டாது.

மணிக்கு மணி சலம் அளக்க வேண்டாமா என்கிறீர்கள். இரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்குக் கட்டாயம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. அந்தத் தேவை இன்றும் இருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் கேட்க வேண்டும் என்பதே என் பேச்சு. முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுத்தால் என்ன என்போருக்கு ஒரே பதில்: அது மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும்.

என் மாமா வேறொரு வைத்தியசாலையில் இருந்தபோது, நினைவு தெளிந்து, "இதைக் கழட்டச் சொல்லு மகள்" என்று என்னிடமே கேட்டார். அங்கே நான் தாதியாக அல்ல, மருமகளாக நின்றேன். அவர்களுக்குத் தெரியாதா என்று எண்ணி வாயைத் திறக்கவில்லை. ஸ்கானுக்குக் கொண்டுபோகையில் சலம் சேரும் பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைத்தார்கள். கலங்கிய சலம் குழாய் வழியே திரும்பி உள்ளே இறங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தப் பை எப்போதும் உடலுக்குள் இருக்கும் சலப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. இரத்தத்திலும் கிருமி என்றார்கள். அந்த ஒரு தடவையால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் கேட்ட அன்றே நான் பேசியிருக்கலாம்.

அந்த வாரம் முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத மாமியின் பெயரும் அந்த விருப்பப் பட்டியலில் இருக்கிறது. மாமி, அந்த ஐயாவுக்குச் செய்ததைத்தான் நம் மாமாவுக்கு யாரும் செய்யவில்லை.