இல்லாத கோளையும் பார்த்தார்கள்

தர்க்கம் சரியாக இருந்தால் முடிவும் சரியாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்பவர்களிடம், பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேயின் கதையைத்தான் நான் எடுத்துவைப்பேன்.

யுரேனஸ் தனக்குரிய பாதையிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. நியூட்டனின் ஈர்ப்பு விதி பொய்க்காது. ஆகவே தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். அது இருக்கும் இடத்தையும் காகிதத்திலேயே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் தேடினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது.

பிறகு புதனின் பாதையிலும் ஒரு விலகல். 1859இல் அதே மனிதர், அதே விதி, அதே தர்க்கம்: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும். அந்த ஆண்டே ஒரு கிராமத்து மருத்துவர், சூரியனைக் கடந்துபோன கரும்புள்ளியைக் கண்டதாக எழுதினார். லெ வெரியே நேரில் போய்த் துருவித் துருவி விசாரித்து, திருப்தியோடு திரும்பினார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வந்தபின், சூரியன் முகத்தில் தெரிந்த புள்ளிகள் பலவும் வல்கனுக்குச் சாட்சி சொல்லத் தொடங்கின. கடைசியில் 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு, நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி) என்ற அந்த விலகலைக் கோள் எதுவும் இல்லாமலே விளக்கிவிட்டது.

இரண்டு அனுமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடிவத்தில் இம்மியும் வேறுபாடு இல்லை. எது அறிவு, எது வீண் என்று தர்க்கத்துக்குள் நின்றுகொண்டு எவராலும் சொல்லியிருக்க முடியாது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதற்கே, புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற நம்பிக்கை முன்கூட்டியே வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? இதுவரை அப்படித்தான் இருந்தது என்பது மட்டுமே. இதுவரை இருந்தது இனியும் இருக்கும் என்று எப்படித் தெரியும் என்று ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் கேட்டார். காட்சி, அனுமானம் போன்ற அளவைகளால், அதாவது அறியும் வழிகளால், பொருளை அறிகிறோம் என்றால் அந்த அளவைகளை எதனால் அறிகிறோம் என்று அவருக்கு வெகுகாலம் முன்பே பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் முழுத் திருப்தி தரும் பதிலை நான் இன்னும் படிக்கவில்லை.

உடனே, “எல்லாமே நம்பிக்கைதானே, அவரவர் உண்மை அவரவருக்கு” என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. நெப்டியூன் கணக்கு, தான் தோற்கக்கூடிய இடத்தையும் சேர்த்தே சொன்னது. அங்கே வெறும் வானம் இருந்திருந்தால் அந்த இரவே குட்டு வெளிப்பட்டிருக்கும். வல்கனையோ, காணாதபோதெல்லாம் கணக்கைத் திருத்திக்கொண்டு மறுபடி தேடினார்கள். 1877இல் இறக்கும்வரை லெ வெரியே அதைக் கைவிடவில்லை.

அதனால்தான் எவரோடு விவாதிக்க உட்கார்ந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: எதைக் கண்டால் உங்கள் கருத்தை விட்டுவிடுவீர்கள்? என் பக்கத்துப் பதிலையும் கையோடு சொல்லிவிடுகிறேன். எதைக் கண்டாலும் விடமாட்டேன் என்பவரோடு மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றுமில்லை.