பெயர் இல்லாத ஆர்வெல்

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் கரையில் இருக்கிறது சட்டன் கோர்ட்னி கிராமம். அங்கே ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் '1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்லைத் தேடிப் போனால் ஏமாந்துதான் போவோம். எரிக் ஆர்தர் பிளேர் என்ற அவருடைய இயற்பெயர், 1903 ஜூன் 25இல் பிறந்தார், 1950 ஜனவரி 21இல் இறந்தார். கல்லில் அவ்வளவுதான். பிறந்தது பீகாரின் மோதிஹாரியில் என்பதுகூட இல்லை.

"உலகத்துக்கே தெரிந்த பெயரை ஓரமாகவாவது பொறித்திருக்கலாமே" என்று நண்பர் ஒருவர் ஆதங்கப்பட்டார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த வாசகம் அவரே உயிலில் எழுதி வைத்தது. இறப்பதற்கு மூன்று நாள் முன்புதான் கையெழுத்திட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர், இங்கிலாந்து திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யச் சொன்னார். வாழ்க்கை வரலாறு யாரும் எழுதக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அதை உலகம் காற்றில் விட்டுவிட்டது, எத்தனையோ வந்துவிட்டன. கல்லையாவது விட்டு வைப்போமே! அப்புறம், ஆர்வெல் என்பது 1933இல் முதல் புத்தகத்துக்காகச் சூடிய பெயர், சஃபோக்கில் ஓடும் ஒரு நதியின் பெயர். இங்கே கிடப்பது பிளேர்தான்.

அதே தோட்டத்தில் ஹெர்பர்ட் ஹென்றி ஆஸ்க்வித். 1908 முதல் 1916 வரை பிரதமர். முதல் உலகப் போருக்குள் பிரிட்டனை இட்டுச் சென்றவர், அதே போரில் 1916இல் மகன் ரேமண்டைப் பறிகொடுத்தவர். ஆடம்பரமில்லாமல் அடக்கம் செய்யச் சொன்னாராம். சரி, ஆனால் பிரபுப் பட்டமும் பிரதமராக இருந்த காலமும் கல்லில் ஏறிவிட்டன. மகனை நினைத்தால் அந்தத் தேதிகளைப் படிக்க ஒரு மாதிரி இருக்கிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது கல். ஆர்வெல் லண்டனில் காசநோயால் இறந்தபோது அடக்கம் செய்ய இடம் தேடி அலைந்தவர்களுக்குக் கைகொடுத்தவர், இந்த ஊரில் வீடு வைத்திருந்த அவருடைய நண்பர் டேவிட் ஆஸ்டர். 'அப்சர்வர்' பத்திரிகையை 1948 முதல் 1975 வரை நடத்திய ஆசிரியர், பெரும் பணக்காரக் குடும்பம். 2001இல் இறந்ததும் நண்பருக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். ஆர்வெல்லின் கல்லைவிடச் சின்னது அவருடையது. பெயரும் வருடங்களும் மட்டும். ஆர்வெல்லைப் படம் எடுக்க வருகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் தேவலை.