ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள்

"வைரஸ் காய்ச்சல் வந்தால் முடக்குவாத மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், எதிர்ப்புச் சக்தி தானாக ஏறும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி, மீதிப் பாதி ஆபத்து.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளூனமைடு, பயாலஜிக் ஊசி இவற்றைக் கடுமையான காய்ச்சலில் டாக்டர்கள் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம்தான். ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேறு கதை. அதை மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். காய்ச்சலில்தான் உடம்புக்கு அந்தச் சுரப்பி தரும் கார்ட்டிசால் ஹார்மோன் கூடுதலாகத் தேவை. அந்த நேரம் பார்த்து நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில சமயம் டாக்டரே அளவைக் கூட்டுவார்.

போன மழைக்காலத்தில், முடக்குவாதம் உள்ள என் அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டரைக் கேட்டு, மாத்திரை டப்பாவில் ஞாயிறு அறையிலிருந்த, வாரம் ஒரு முறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் எடுத்து வைத்தேன். காலை பிரெட்னிசலோன் 5 மி.கி. ஒரு நாளும் தவறவில்லை. விட்டுப்போன மெத்தோட்ரெக்சேட்டை ஈடுகட்ட அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடவும் கூடாது.

அப்புறம், டெங்கு சந்தேகம் இருந்தால் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வேண்டாம், இரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் போதும். வாந்தியில் ஸ்டீராய்டு மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசியாகப் போடுவார்கள். தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள்.