மேல் கண்மாய் மறுகால்தான் கீழ் கண்மாய் வரத்து

ரோட்டுக்குக் குறுக்கே 4 அடி விட்டக் குழாய் இருந்த இடத்தில் 2 அடிக் குழாயைப் பதித்தால் எவ்வளவு தண்ணீர் போகும்? பாதி என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே சரிவில், குழாய் நிறைந்து ஓடினால், போவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். குழாயின் வாய் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அதோடு, சின்னக் குழாயில் சுவரோடு உரசுகிற தண்ணீரின் பங்கு கூடுவதால் வேகமும் குறைகிறது. ரோடு போட்டவர் ரோட்டில் தப்பு செய்யவில்லை. தார் கனம் சரி, மட்டம் சரி, பில்லும் பாஸாகிவிட்டது. அந்தக் குழாய்க்கு மேலே எத்தனை கண்மாய், அதாவது பாசன ஏரி, நிறைந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது மட்டும் அவர் எஸ்டிமேட்டில் இல்லை.

மதுரையின் பல சிக்கல்கள் இந்த வகைதான். அவரவர் வேலையை அவரவர் முடிக்கிறார்கள், ஊர் முழுகுகிறது. துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பைச் சேர்த்துப் பார்ப்பதை சிஸ்டம்ஸ் திங்கிங் என்று மேலாண்மை வகுப்புகளில் வட்டமும் அம்பும் போட்டு நடத்துகிறார்கள். நமக்கு அந்தப் படம் கண்மாய்க்கரையிலேயே இருக்கிறது.

கண்மாய் என்றால் குழி இல்லை. மேலே தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நடுவில் தண்ணீர் தேங்கும் உள்வாய், பிறை மாதிரி வளைந்த கரை, கரைக்குள் திறந்து மூடும் மடை, ஓரத்தில் மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு. மடை வழியாக வயலுக்குப் போகிறது. நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாய்கிறது. அந்த மறுகால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்திருக்கிறது. மதுரை செல்லூர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தையாறு அணைக்குக் கீழே வரிசையாக வரும் கண்மாய்களில் அதுதான் கடைசி. அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும்.

2024 அக்டோபர் 25 மதியம் மதுரையில் 15 நிமிடத்தில் சுமார் 4.5 செ.மீ. மழை கொட்டியது. இதை லாரிக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். ஒரு ஏக்கரில் 4.5 செ.மீ. மழை என்றால் சுமார் 1,80,000 லிட்டர். அதாவது ஒவ்வொரு ஏக்கரிலும் நிமிடத்துக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி. வயலாக இருந்த காலத்தில் வரப்பு அதில் பாதியையாவது பிடித்து வைத்திருக்கும். கான்கிரீட் தெருவும் மொட்டைமாடியும் ஒரு சொட்டைக்கூடப் பிடிக்காது. மேலே கண்மாய்கள் நிறைந்து மறுகால் வந்துகொண்டிருக்கும்போதே இதுவும் சேர்ந்தால், கடைசிக் கண்மாயும் ஒரே ஒரு வாய்க்காலும் எப்படித் தாங்கும்? வாய்க்காலைச் சிமெண்டில் கட்டுவது தேவைதான். ஆனால் சிமெண்ட் தளத்தில் தண்ணீர் வேகமாக ஓடும். நெருக்கடி கீழே அடுத்த பாலத்தடிக்கு இடம் மாறும். வைகையில் வெள்ளம் உயர்ந்திருந்தால் வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் இறங்காமல் எதிர்த்து நிற்கும். அப்போது வாய்க்காலை எவ்வளவு அகலமாகக் கட்டியிருந்தாலும் பலனில்லை.

தூர்வாருவதிலும் இதே கதை. எத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம் என்பது கணக்கில் ஏறுகிறது. எங்கே எடுத்தோம் என்பது ஏறுவதில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் போகாது. மாடு குடிக்கும், மீன் வளரும், நல்லதுதான். ஆனால் பாசனக் கொள்ளளவு கூடிவிட்டது என்று சொல்லக் கூடாது. கரம்பை எனும் வண்டலை எடுத்து முடித்து, களிமண் படிவையும் கிழித்துச் சரளை மட்டத்துக்குப் போய்விட்டால் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்காது. லாரி நிறுத்த வசதி என்று கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. தண்ணீர் சட்டென்று இறங்கும்போது ஊறிப்போன கரை அப்படியே அந்தப் பள்ளத்துக்குள் சரியும்.

கலுங்கை உயர்த்துவது இன்னொன்று. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் ஓயும் சமயத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்கள். எதிர்பாராமல் பெருமழை வந்தால் அந்த அடைப்புதான் முதலில் அறுத்துக்கொண்டு போகும், கரை தப்பிக்கும். கட்டியவர்கள் எது முதலில் உடைய வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்! அதே இடத்தில் நாம் ஓர் அடிக்குக் கான்கிரீட் போட்டு நிரந்தரமாக உயர்த்தினால், உடைவதற்குக் கரையைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. மேல் கண்மாய் உடைந்தால் அந்த வெள்ளம் மொத்தமும் அடுத்த கண்மாயின் தலையில்தான் விழும். அதுவும் உடையும்.

போர்வெல்லின் கதை மெதுவாக நடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. கண்மாய் ஒரு வருஷம் ஏமாற்றியதும் வசதி உள்ளவர் போர் போடுகிறார். அவருக்கு இனி மடை திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? வரத்துக்கால் வெட்டும் வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டார், வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு நெல்லும் கொடுக்க மாட்டார். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டுகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் குறைகிறது. நிலத்தடிக்கு இறங்குவதும் குறைகிறது. போர் இன்னும் ஆழம் போகிறது. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் ஆழம் போவதன் செலவு அவருக்கு உடனே உறைப்பதுமில்லை. பக்கத்துக் கிணறு வற்றிய பிறகுதான் தெரிகிறது, அதற்குள் பல வருஷம் போய்விடுகிறது.

இத்தனைக்கும் பொறுப்பு யார் கையில்? ஆயக்கட்டு, அதாவது கண்மாயில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள் ஓடும் வாய்க்காலுக்கு மாநகராட்சி. குறுக்கே போகும் பாலத்துக்கு நெடுஞ்சாலைத்துறை அல்லது ரயில்வே. புறம்போக்கு நிலம் வருவாய்த்துறையின் அடங்கல் பதிவேட்டில். ஒரே தண்ணீர் ஒரே மணி நேரத்தில் இவர்கள் அத்தனை பேரின் எல்லையையும் கடந்துவிடுகிறது. கோப்பு கடக்க மாதக்கணக்காகிறது. புதிதாக ஓர் ஆணையம் வைத்தால் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை, அது இன்னொரு மேஜையாகிவிடும். இரண்டு கண்மாய்க்கு நடுவில் இருக்கிற ஓட்டத்துக்கு ஒரு ஆள் பொறுப்பு என்று எழுதி வைத்தால் போதும்.

உங்கள் வார்டிலோ ஊரிலோ செப்டம்பரிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து கீழ் கண்மாயின் உள்வாய் வரை நடங்கள். டேப்பும் நோட்டும் போதும். குறுக்கே வரும் ஒவ்வொரு பாலம், குழாய், வீட்டு வாசல் சிலாப் எல்லாவற்றின் அகலத்தையும் உயரத்தையும் வரிசையாக எழுதுங்கள். மண் அடைத்திருந்தால் திறந்திருக்கும் அளவை மட்டும் எழுதுங்கள். அகலத்தை உயரத்தால் பெருக்கிப் பார்த்தால் பட்டியலில் எது மிகச் சின்ன எண்ணோ, அதுதான் அந்த வாய்க்காலின் உண்மையான அளவு. முதலில் அதைப் பெரிதாக்கச் சொல்லி மனு கொடுங்கள். அப்படியே அதற்குக் கீழே உள்ள அடுத்த சின்ன எண் எது என்பதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த மழையில் தண்ணீர் போய் நிற்கப்போவது அங்கேதான்.