க்ளென் பர்க் இல்லாத குடும்பப் படம்

சென்ற சனிக்கிழமை மகளை, லாஸ் ஏஞ்சல்ஸின் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸ் ஆடும் டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். யூனியன் ஸ்டேஷனிலிருந்து பஸ், மேல் அடுக்கில் விலை குறைந்த டிக்கெட். அங்கே உட்கார்ந்தால் மைதானத்துக்கு அப்பால் சான் கேப்ரியல் மலைத்தொடர் தெரியும். வெயில் சாயச் சாய அது ஊதாவாக மாறுவதைப் பார்ப்பதற்காகவே போகலாம். ஆட்டத்தின் நடுவே எங்கள் அணிக்காரர் ஒருவர் பந்தை வேலிக்கு மேலே தூக்கி அடித்தார். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர். நீலத் தொப்பி, நரம்பு புடைத்த கை. அவர் என் மகளைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். இவள் இருக்கையின் மேல் ஏறி நின்று அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

"இதை முதன்முதலில் செய்தது யார் அப்பா?" என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். அதே ஸ்டேடியத்தில், 1977 அக்டோபர் 2 அன்று, வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நடந்தது. அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் அணியில் மூன்று பேர் 30 ஹோம் ரன் (பந்தை அப்படி வேலிக்கு மேலே தூக்கி அடிப்பதுதான்) தொட்டிருந்தார்கள். நான்காமவரான டஸ்டி பேக்கருக்கு ஒன்று பாக்கி. எதிரே ஹூஸ்டனின் ஜே. ஆர். ரிச்சர்ட், அந்தக் காலத்தில் கண்டு நடுங்க வைத்த பந்துவீச்சாளர். பேக்கர் அடித்துவிட்டார். ஒரே அணியில் நான்கு பேர் 30 தொட்டது அதுவே முதல் முறை. ஓடி முடித்து வந்தவரை, அடுத்து மட்டை பிடிக்கக் காத்திருந்த இளைஞர் கையைத் தலைக்கு மேலே நீட்டி வரவேற்றார். என்ன செய்வதென்று தெரியாமல் பேக்கர் அந்தக் கையைத் தட்டினார். ஹை-ஃபைவ் பிறந்த கதையாகப் பலரும் சொல்வது இதைத்தான். கையை நீட்டியவர் க்ளென் பர்க்.

ஏழு மாதத்தில் அவரை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

எழுபதுகளின் டாட்ஜர்ஸைப் பார்க்காதவர்களுக்கு அந்த அணியின் தோற்றத்தைச் சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். வெள்ளை உடையில் நீல எழுத்து. கார்வி, லோப்ஸ், ரசல், சே என்ற நால்வரும் 1973 முதல் 1981 வரை உட்களத்தின் அதே நான்கு இடங்களில் நின்றார்கள். பயிற்சியாளர் டாமி லசோர்டா எல்லோரையும் கட்டிப்பிடிப்பார், தன்னைக் கீறினால் டாட்ஜர் நீலம்தான் வழியும் என்பார், வானத்தில் ஒரு பெரிய டாட்ஜர் இருந்து நம்மைக் காக்கிறார் என்பார். அவர் அறைச் சுவரில் ஃபிராங்க் சினாட்ராவின் படங்கள் தொங்கும், மேசையில் இத்தாலியச் சாப்பாடு இருக்கும். குழந்தை குட்டிகளோடு வந்து பார்க்கலாம் என்று ஊரே நம்பியது. 1978-இல் ஒரே பருவத்தில் 30 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் எந்த அணியும் அதுவரை அந்த எண்ணைத் தொட்டதில்லை.

அந்தப் பிம்பத்தின் முகம் ஸ்டீவ் கார்வி. அவரைப் போலி என்று ஒரே சொல்லில் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பா கிரேஹவுண்ட் பஸ் ஓட்டியவர். ஃபுளோரிடாவில் வசந்தகாலப் பயிற்சிக்கு வரும் டாட்ஜர்ஸை ஏற்றிச் செல்வது அவர் வேலை. ஏழு வயதுப் பையனையும் கூட அழைத்துப் போனார். அங்கே மட்டை எடுத்துக் கொடுத்த பையன் அதே அணியில் சேர்ந்து 1974-இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினான். 1975 முதல் 1983 வரை தொடர்ந்து 1,207 ஆட்டங்கள், ஒரு நாள்கூட விடாமல் ஆடினான். ஆட்டம் முடிந்து கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம் முகம் சுளிக்காதவர் என்று பெயர். கலிபோர்னியாவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர் பெயரைச் சூட்டினார்கள். உழைப்பு உண்மை, பொறுமை உண்மை.

ஆனால் உடைமாற்றும் அறைக்குள் வேறு காற்று வீசியது. எல்லா வெளிச்சமும் ஒருவர் மேலேயே விழுவது மற்றவர்களுக்கு உறுத்தியது. 1978 ஆகஸ்ட்டில் பந்துவீச்சாளர் டான் சட்டன் பத்திரிகையாளர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினார்: எல்லோரும் கார்வியைப் புகழ்கிறார்கள், ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் அணியின் உண்மையான சிறந்த வீரர் ரெஜி ஸ்மித், அவர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை, விளம்பர உலகத்துக்கேற்ற முகமும் அவருக்கு இல்லை. அது அச்சில் வந்தது. ஆகஸ்ட் 20 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தின் அறையில் கார்வி போய் இதென்ன பேச்சு என்று கேட்டார். வாய்ச்சண்டையில் கார்வியின் மனைவி பெயரும் இழுபட்டது. இருவரும் கட்டிப் புரண்டு தரையில் விழுந்தார்கள். மற்றவர்கள் பாய்ந்து பிரித்தார்கள். சில நாள் கழித்து சட்டன் பத்திரிகைகள் முன்னால் மன்னிப்புக் கேட்டார்.

இந்தச் சண்டையைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். சுத்தமான அணியின் சாயம் வெளுத்த நாள் என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. இருபத்தைந்து ஆண்பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே அறை, ஒரே விமானம், ஒரே ஹோட்டல் என்று இருந்தால் கைகலப்பு வரும். அதே ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் அணியில் பயிற்சியாளர் பில்லி மார்ட்டினும் ரெஜி ஜாக்சனும் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னாலேயே அடித்துக்கொள்ளப் போனார்கள். 1977, 1978 இரண்டு ஆண்டுகளிலும் அவர்கள்தான் டாட்ஜர்ஸைத் தோற்கடித்து, சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரை வென்றார்கள். சண்டை போடும் அணி கெட்ட அணியும் அல்ல, கட்டிப்பிடிக்கும் அணி நல்ல அணியும் அல்ல. சட்டன் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. ரெஜி ஸ்மித் ஒரு கறுப்பினத்தவர். விளம்பரங்களுக்கு எந்த முகம் பொருந்தும், எது பொருந்தாது என்பதை அந்த நாட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

என் மனத்தை அறுப்பது அதற்கு மூன்று மாதம் முந்தைய மே மாதம்.

க்ளென் பர்க் ஓக்லண்டில் பிறந்தவர். பள்ளியில் கூடைப்பந்து நட்சத்திரம். 1977 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் மைய எல்லைக் காவலராக இறங்கியவர். அவரைப் பற்றி அணியினர் சொன்னவற்றைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: அறையில் பாட்டுப் போடுபவர், நடனமாடுபவர், லசோர்டாவைப் போல நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவர். தோற்ற நாளில் பஸ்ஸில் இறுகிக் கிடந்த முகங்களை இளக வைத்தவர். கார்விக்கும் மற்றவர்களுக்கும் இடையே புகைந்துகொண்டிருந்த அந்த அறையில், எல்லோருக்கும் பிடித்த ஒரு மனிதர் உண்டென்றால் அது இவர்தான்.

அவர் தன்பாலீர்ப்பாளர். மறைத்துத்தான் வைத்திருந்தார், ஆனால் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டது. பொது மேலாளர் அல் கம்பானிஸ் அவரை அழைத்து, கல்யாணம் செய்துகொள், செலவுக்கு அணி பணம் தரும் என்றார். "பெண்ணையா?" என்று பர்க் திருப்பிக் கேட்டார். பர்க் பின்னாளில் சொன்ன கணக்கில் அந்தத் தொகை 75,000 டாலர். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. லசோர்டாவின் மகனும் பர்க்கும் நண்பர்கள். அந்த நட்பை லசோர்டா விரும்பவில்லை. 1978 மே மாதம் பர்க்கை ஓக்லண்டுக்குக் கொடுத்துவிட்டு பில்லி நார்த்தை வாங்கினார்கள்.

ஆட்டக் காரணம்தான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பர்க் பெரிய மட்டையாளர் அல்ல, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பதிலுக்கு வந்த நார்த் அந்த ஆண்டு டாட்ஜர்ஸுக்கு அடித்த சராசரி வெறும் .234, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. செய்தி வந்த நாளில் அறையில் வீரர்கள் அழுதார்கள். காரணம் என்ன என்று டஸ்டி பேக்கர் அணியின் மருத்துவ உதவியாளரிடம் கேட்டபோது, இப்படிப்பட்டவர் அணியில் இருப்பதை அவர்கள் விரும்பவில்லை என்று பதில் கிடைத்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார்.

ஓக்லண்டில் நிலைமை இன்னும் மோசம். 1980-இல் அங்கே பயிற்சியாளராக வந்த பில்லி மார்ட்டின் எல்லோர் முன்னாலும் அவரை இழிசொல்லால் குறிப்பிட்டதாக உடனிருந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த ஆண்டே, 27 வயதில், அவருடைய பேஸ்பால் வாழ்க்கை முடிந்தது. 1982-இல் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னார். பிறகு விபத்தில் கால் முறிந்தது, போதைப் பழக்கம், சிறை, சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் வாசம். எய்ட்ஸ் நோயால் 1995 மே 30 அன்று, 42 வயதில் சகோதரியின் பராமரிப்பில் இறந்தார். லசோர்டாவின் மகன் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 33 வயதில் போய்விட்டார். தன் மகன் தன்பாலீர்ப்பாளன் இல்லை என்று லசோர்டா அதன் பிறகும் மறுத்துக்கொண்டே இருந்தார். அந்த அப்பாவின் துக்கத்தை நினைத்தால் கோபம்கூட முழுதாக வருவதில்லை.

அந்தக் காலம் அப்படி என்று சொல்லாதீர்கள். 1947-இல் காலம் எப்படி இருந்தது? அதே டாட்ஜர்ஸ், புரூக்ளினில் இருந்தபோது, பல பத்தாண்டுகளாகக் கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்திருந்த பெரிய லீகில் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கினார்கள். சொந்த வீரர்கள் சிலரே எதிர்த்து மனு எழுதக் கிளம்பியபோது, பிடிக்காதவர்கள் போகலாம் என்று நிர்வாகம் நின்றது. கம்பானிஸுக்கு அது கேள்விப்பட்ட கதைகூட அல்ல. 1946-இல் டாட்ஜர்ஸின் கிளை அணியான மாண்ட்ரியலில் ராபின்சனின் பக்கத்தில் நின்று ஆடியவர் அவர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதைவிட மனிதர் பெரிது என்று காட்டத் தெரிந்த நிறுவனம் அது. ஒருமுறை செய்து காட்டியவர்கள் இரண்டாம் முறை செய்யவில்லை, அவ்வளவுதான். அதே கம்பானிஸ் 1987-இல், ராபின்சன் வந்த நாற்பதாம் ஆண்டை ஒட்டிய தொலைக்காட்சிப் பேட்டியில், பயிற்சியாளராகவோ மேலாளராகவோ இருக்கத் தேவையான சில தகுதிகள் கறுப்பினத்தவருக்கு இல்லாமலிருக்கலாம் என்று பேசி இரண்டு நாளில் பதவி இழந்தார்.

நான் இந்த அணியின் ரசிகன். இனியும் மகளை அழைத்துப் போவேன், அவளுக்கு நீலத் தொப்பி வாங்கித் தந்தவனே நான்தான். மைய எல்லைப் பக்க முற்றத்தில் ராபின்சனின் சிலை இருக்கிறது, அவள் அதைத் தொடாமல் உள்ளே போக மாட்டாள். 2022-இல் பர்க்கின் குடும்பத்தினரை அழைத்து அணி மரியாதை செய்தது, மகிழ்ந்தேன். ஆனால் அது ஒரு மாலை நிகழ்ச்சி. எனக்கு வேண்டியது நிரந்தரமாக ஒன்று. அந்த ஸ்டேடியத்தில் ஒவ்வொரு இரவும் பல்லாயிரம் கைகள் உயர்கின்றன. அந்தக் கை முதலில் யாருடையது என்று எங்காவது ஒரு சுவரில் எழுதி வையுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் மகளுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்பது வயது. அணியை விட்டு அனுப்பியதைச் சொன்னேன், ஏன் என்பதையும் அவளுக்குப் புரியும் அளவுக்குச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேக்கர் கையைத் தட்டிவிட்டுப் போனார், அப்புறம் அவர் ஆடினாரா?" என்று கேட்டாள்.

ஆடினார். பேக்கருக்கு அடுத்து அவர்தான். அதே ரிச்சர்டின் பந்தை வேலிக்கு மேலே அனுப்பினார். பெரிய லீகில் அது அவருடைய முதல் ஹோம் ரன். ஓடி முடித்துத் திரும்பி வந்தபோது, பேக்கர் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்.