பேச்சிப்பாறைக் காணிகளுக்குத் தன்னாட்சி இருக்கிறதா?

"கன்னியாகுமரி மாவட்டம் பேச்சிப்பாறை மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையிலேயே தன்னாட்சி இருக்கிறது, பெசா சட்டமும் இருக்கிறது, இனி என்ன வேணும்?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். அது சரியில்லை அண்ணே. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது பழங்குடியினருக்காகத் தனி நிர்வாக ஏற்பாடு உள்ள பகுதிகள், இருப்பது ஒடிசா, ஜார்கண்ட், தெலங்கானா உட்பட 10 மாநிலங்களில் மட்டும். தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட அதில் இல்லை. கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 பெசா சட்டமும் அந்தப் பகுதிகளுக்குத்தான். அதனால் பேச்சிப்பாறை மலையில் அது செல்லாது.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு, அதுவும் ஐந்தாம் அட்டவணையில் சொல்லப்பட்டதுதான். ஆனால் அது அரசுக்கு யோசனை சொல்லும், அவ்வளவே. காணி மக்கள் 'காணிக்காரர்' என்ற பெயரில் பழங்குடிப் பட்டியலில் இருப்பதும் வேறு விஷயம். அது வேலை, படிப்பு இடஒதுக்கீட்டுக்கு உதவும், நிலத்தையோ காட்டையோ ஆளும் அதிகாரம் தராது.

கையில் உள்ளது 2006 வன உரிமைச் சட்டம். கிராம சபை, காட்டு நிலத்தில் உரிமை கேட்பவர்களின் கோரிக்கையை வாங்கிச் சரிபார்த்துத் தீர்மானம் போடும், ஆனால் கடைசி முடிவு மாவட்டக் குழுவுடையது. கிடைக்கும் உரிமைப் பத்திரம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. உச்ச வரம்பு 4 ஹெக்டேர். சமூக வன வளத்தை, அதாவது ஊர் மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் காட்டை, காத்து நிர்வகிக்கும் உரிமையும் அதில் இருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. 2013-இல் ஒடிசாவின் நியாம்கிரி மலைச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் முடிவைக் கேட்கச் சொன்னதற்கு இந்தச் சட்டமும் ஓர் அடிப்படை. ஆனால் இது நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டம், நாளை சாதாரணப் பெரும்பான்மையில் திருத்திவிடலாம். மூட்டுக்காணி என்ற பழைய ஊர்த் தலைமைக்கு இதில் தனி இடமும் இல்லை.