அபராதம் கட்டியவருக்கே தங்கப் பதக்கம்

விலங்குகளுக்கு வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறவர்களுக்கு அபராதம் போதாது, சிறைத் தண்டனை வேண்டும். "முயலுக்கெல்லாம் ஜெயிலா?" என்று கேட்பவர்கள் 1952-ல் பிரான்ஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அர்மான் தெலீல் என்று ஒரு மருத்துவர். கிருமிகளைப் பற்றி நன்றாகவே படித்தவர். ஓய்வுபெற்ற பிறகு சுற்றுச்சுவர் போட்ட தன் பெரிய எஸ்டேட்டில் முயல் தொல்லை தாங்காமல், சுவிட்சர்லாந்து ஆய்வகத்திலிருந்து முயல்களைக் கொல்லும் மிக்ஸோமடோசிஸ் என்ற நோயின் வைரஸை வரவழைத்தார். இரண்டே இரண்டு முயல்களுக்கு ஊசி போட்டு விட்டார். சுவர் இருக்கிறதே, வெளியே போகாது என்று நம்பினார். அந்த நோயைச் சுமந்து பரப்பும் கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஏது சுவர்?

அந்த நோய் வந்த முயலின் கண்ணிமைகள் வீங்கி, சீழ் கட்டி ஒட்டிக்கொள்ளும். தலையெல்லாம் வீக்கம். கண் தெரியாமல் நடுரோட்டில் உட்கார்ந்திருக்கும், வண்டி வந்தாலும் நகராது. உயிர் போகப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். இரண்டு மூன்று வருடத்தில் பிரான்ஸின் காட்டு முயல்களில் 90 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயின. 1953-லேயே பிரிட்டனுக்கும் போய்விட்டது. ஸ்பெயினில் முயலையே நம்பி வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை அழிவின் விளிம்புக்குப் போனதில் இந்த நோய்க்கும் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவுக்கும் 1955-ல் நீதிமன்றம் அவருக்குப் போட்டது 5,000 பிராங்க் அபராதம். அடுத்த வருடமே, முயல் தொல்லையை ஒழித்தார் என்று அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தின் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் செத்த முயல். படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

நியூசிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். முயல்களைக் கொல்லும் கலிசி வைரஸை இறக்குமதி செய்ய விவசாயிகள் கேட்டார்கள். 1997 ஜூலையில் அரசு மறுத்தது. ஆகஸ்டிலேயே அந்நாட்டின் மத்திய ஒட்டாகோ பகுதியில் நோய் வந்துவிட்டது. கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, செத்த முயலின் ஈரலை மிக்ஸியில் அரைத்து, கேரட்டிலும் ஓட்ஸிலும் கலந்து நிலமெங்கும் தூவினார்கள். மேய்ச்சல் நிலம் முயலால் பாழாகிறது என்ற அவர்கள் கஷ்டம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அனுமதி இல்லை என்று சொன்ன பிறகு ஒரு நாட்டுக்குள் வைரஸைக் கொண்டுவர இவர்கள் யார்? அரசோ சில வாரங்களில் அந்த வைரஸின் பயன்பாட்டையே சட்டப்பூர்வமாக்கியது. கொண்டுவந்த யாரும் சிறைக்குப் போகவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. குட்டி முயல்களுக்கு அந்த நோய் வந்தால் பெரும்பாலும் பிழைத்து எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். கண்டபடி தூவியதில் அப்படித் தப்பியவை ஏராளம். கேட்ட பலனும் முழுதாகக் கிடைக்கவில்லை.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கு 2009-ல் வந்த மத்தியச் சட்டம், நோயில் செத்தது என்று தெரிந்தே ஒரு விலங்கின் உடலை ஆற்றில் போட்டால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம் என்றது. கட்டாவிட்டால்தான் ஒரு மாதச் சிறை. ஒரு வெள்ளாட்டின் விலைகூட அதைவிட அதிகம். பிரிட்டனில் 2001-ல் கோமாரி நோய் பரவிய பிறகு, வேண்டுமென்றே நோயைத் தொற்றவைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, கால்நடை வளர்க்கவே நீதிமன்றம் தடை போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எனக்கு அதுகூடக் குறைவாகத்தான் தெரிகிறது. பரப்பிய நோயைத் திரும்பப் பிடித்து அடைக்க முடியாதே.

அப்புறம், வழக்குப் போடும் உரிமையை அரசுத் துறையிடம் மட்டும் விடக் கூடாது. நியூசிலாந்தைப் போல, பரவிய நோயைச் சட்டப்பூர்வமாக்கிவிட்ட அரசு எப்படி வழக்குப் போடும்? ஆட்டையும் மாட்டையும் பறிகொடுத்தவரே நேராக நீதிமன்றம் போக வழி வேண்டும்.